சக்கரமும் சாலையும்

ஓர் ஊரின் நலத்தை அதன் மாளிகைகளைக் கொண்டு அளப்பவர் பலர். வீட்டைவிட்டுப் புறப்பட்ட முதியோரும் மகளிரும் சிறுவரும் அச்சமின்றிச் சென்று மீளுதல் கூடுமோ என்று வினவி அளப்பவர் சிலரே. இவ்விரண்டாம் அளவையை யாம் எம் மாமியார் முறையினரான அத்தையாரிடத்துக் கற்றோம்.

அவர் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். அம்மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் எழுத்தும் எண்ணும் கற்பிக்கத் தொடங்கிற்று. அந்நாளில் மாவட்ட ஆட்சித்தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், பெண்கள் பிறர் துணையின்றிச் சென்று வருதலையும் கல்வியின் ஒரு கூறாகக் கொண்டு, அவர்க்கு மிதிவண்டி ஓட்டக் கற்பிக்க வகைசெய்தார். வயலிலும் கல்லுடைக்கும் களத்திலும் உழைத்த மகளிர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பலரும் கற்றனர். 1992-இல் அனைத்துலக மகளிர் நாளையொட்டி 1,500-க்கு மேற்பட்ட பெண்கள், கைப்பிடியிற் கொடி கட்டி, மணியொலித்து, புதுக்கோட்டை நகரிற் சைக்கிளில் ஊர்வலம் வந்தனர். பின்னர் 70,000-க்கு மேற்பட்டோர் பொதுக்காட்சியில் தம் திறனைக் காட்டினர் என இதழாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். மகளிர்க்குரிய வண்டிகள் போதாமையால் ஆடவர் வண்டியையே வாங்கினாரும் உளர். அதன் குறுக்குக் கம்பியிற் குழந்தையை அமர்த்தலாம் என்பது அவர் கண்ட தனிநன்மை.

அப்பெருங்கூட்டத்தில் எம் அத்தையாரும் ஒருவர். "தனியாகப் போனபோது தெருவே சிரித்தது, நூறுபேராகப் போனபோது வழிவிட்டது" என்று அவர் கூறுவதுண்டு. ஒன்றுகூடி ஓட்டுதலின் பயன் முழுவதும் இவ்வொரு சொல்லில் அடங்கிற்றன்றோ!

நிற்க. மணம்புரிந்து அவர் வந்து புகுந்த எம் கோட்டையூர், வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர். பழநூல் தொகுத்த ரோஜா முத்தையா செட்டியார் வாழ்ந்த ஊர். அண்டையிலுள்ள பள்ளத்தூரைப் பிறப்பிடமாகக் கொண்ட முருகப்பா குடும்பத்தினரே 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆகவே சக்கரம் எம் நாட்டார்க்குப் புதிதன்று. எனினும், காரைக்குடிச் சந்தைக்குப் பல்லாண்டு சைக்கிளிற் சென்றுவந்த அத்தையார் இன்று அதனைத் திண்ணைத் தூணிற் சார்த்திவிட்டார். காலில் வலியில்லை; சாலையில் இடமில்லை. சரக்குந்தும் காரும் விரையும் வழியில் ஓரமாகச் செல்வார்க்கு மண்ணும் பள்ளமுமே எஞ்சின. அன்று ஊராரின் ஏளனத்தை வென்றவர் இன்று வண்டிகளின் வேகத்துக்குத் தோற்றார்.

இஃது ஒருவர் குறையன்று. நம் அரசு 2001-ஆம் ஆண்டு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியரிற் றொடங்கி, பின்னர் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேனிலை வகுப்பு மாணவர்க்கும் விரித்து, விலையில்லா மிதிவண்டி வழங்கிவருகின்றது. நன்று. ஆயின் அவ்வண்டியேறிப் பள்ளி செல்லும் சிறுமியை அச்சாலை காக்குமோ?

சாலையை அகலமாக்கின் எல்லாம் சீராகும் என்பர். அகன்ற சாலையில் வேகம் மிகும். அதனைக் குறுக்கே கடப்பார்க்குத் தொலைவும் மிகும். நெதர்லாந்து நாட்டில் 1971-ஆம் ஆண்டில் மட்டும் 400-க்கு மேற்பட்ட பிள்ளைகள் சாலையில் மாண்டனர். பெற்றோர் வீதியிற் கூடிக் குழந்தைக் கொலையை நிறுத்துக என முழங்கினர். அக்கிளர்ச்சியும் எண்ணெய் முடையும் சேர்ந்து, அந்நாட்டார் மிதிவண்டிக்கு வழி வகுக்கலாயினர். புதுக்கோட்டை மகளிர் ஊர்வலம் வந்த அதே 1992-இல், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலும் மிதிவண்டியாளர் திங்கள்தோறும் கூடி ஓட்டத் தொடங்கினர். நம் சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்பார்க்கும் மிதிவண்டியார்க்கும் முதன்மை தரும் கொள்கையை ஏற்றது. 2019-இல் பாண்டி பசாரில் அகன்ற நடைவெளி திறக்கப்பெற்றது. கேட்டார்க்குச் சாலை கிடைக்கும் என்பதற்கு இவை சான்று.

எம் ஊரும் கேட்கவேண்டிய காலம் இதுவே. 2024-இல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூரும் அதனுள் அடங்கிற்று. இனி வகுக்கப்படும் வழிகளில் நடைபாதையும், நிழல்மரமும், மிதிவண்டிக்கு ஓர் ஒதுக்கிடமும், பள்ளி வாயிலில் வேகத்தடையும் அமையுமாறு இன்றே வேண்டுதல் எளிது. சாலை அமைந்தபின் வேண்டுதல் அரிது.

நண்பர்காள்! திங்களுக்கொரு சனிக்கிழமை காலையில், கோட்டையூரிலிருந்து காரைக்குடிவரை யாம் ஒருங்கு ஓட்ட எண்ணியுள்ளோம். முழக்கம் வேண்டா, சினமும் வேண்டா, மணியொலி ஒன்றே போதும். அறிவுடையாரும் ஆற்றலுடையாரும் தமக்கென வழி அமைத்துக்கொள்வர். எளியார்க்கு வழியமைத்தலே நாம் கற்கும் கல்விக்கும், பிறரைத் தம்மைப்போல் நேசிக்கப் பணிக்கும் நம் சமயத்துக்கும் அழகாகும். அவ்வழியில் நம் சக்கரங்கள் ஒருங்கு சுழல்க!