அலுமாரிக்கு மேலே ஒரு பைல்



டிசம்பர் பிறந்துவிட்டால் நம்ம ஊர்ப் பேச்சு தானாகக் கடலுக்குப் போய்விடும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். நாங்கள் அப்போது எட்டாம் ஆண்டு. இன்று எங்கள் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையும் அன்று பிறந்திருக்கவில்லை. "உண்மையா டீச்சர், அவ்வளவு தண்ணியா வந்த?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு அது பழைய கதை.

அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். நாட்டிலேயே கூடுதலான இழப்பு இங்கேதான். அவர்களை மறக்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. அவர்களுக்கு நம் துஆ இருக்கிறது. துக்கத்துக்கும் மார்க்கம் ஓர் அளவு வைத்திருக்கிறது: மற்றவர்களுக்கு மூன்று நாள், கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள். அதற்குப் பிறகு அடுப்பு எரிய வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த உம்மாமார்கூட எப்படியோ எழும்பி நடந்தார்கள். நம்மில் பலரால் இன்னும் இறக்கி வைக்க முடியாமல் இருப்பது வேறொன்று. அது வீட்டுக் கணக்கு.

அந்த நாட்களில் வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். தெற்கில் 100 மீட்டர். (கடல் என்னவோ ஒன்றுதான்.) பிறகு அதைத் தளர்த்தினார்கள். அதற்குள் பட்டியல் போடத் தொடங்கியாயிற்று. நம்ம பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. உம்மாவின் வளவு மகளுக்குப் போகும், கல்யாணம் பேசும்போது முதல் கேள்வியே வீடுதான். விண்ணப்பப் படிவமோ குடும்பத் தலைவரின் பெயரைக் கேட்டது. அங்கே ஆண்களின் பெயர் ஏறியது. ஒரு வளவுக்குள் இரண்டு மூன்று குடும்பம் இருந்த இடத்தில் ஒரு வீடு என்று எழுதப்பட்டது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் வழக்குக்குப் போய், வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. உம்மாவும் சாச்சியும் ஒரே வளவு. வந்தது ஒரு வீடு, அதுவும் சாச்சாவின் பெயரில். உம்மா ஒரு பைல் சேர்த்தா: ஜீ.எஸ். கடிதம், சேத அறிக்கை, விண்ணப்பப் பிரதிகள், இடிந்த சுவருக்கு முன்னால் உம்மாவும் சாச்சியும் நிற்கும் ஒரு படம். புது அதிகாரி வந்தார் என்று கேள்விப்பட்டால் வாப்பா அந்தப் பைலைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் போவார். திரும்பி வந்தால் அது அலுமாரிக்கு மேலே ஏறும். சாச்சி வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம். பெருநாளுக்கும் நாங்கள் போனதில்லை.

இதில் அதிகம் இழந்தது ராத்தா. கடல் வந்தபோது அவவுக்கு 19. மாப்பிள்ளை பேசி வந்தால் "வீட்டு விசயம் முடியட்டும்" என்போம். மேலே படிக்கட்டா என்று கேட்டாலும் அதே பதில். 31 வயதில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் சொன்னா: "உம்மா, அந்த வீடு வந்தா வரட்டும். நான் இனி அதுக்காகக் காத்திருக்கல்ல." அடுத்த மாதமே முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குப் பதிந்தா. தன்னைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளைகளோடு இருந்து படித்தா. சீட்டுப் பிடித்து, எங்கள் வளவுக்குள் ஓர் அறை கட்டி, பன்னிரண்டு பிள்ளைகளோடு முன்பள்ளி தொடங்கினா. கல்யாணமும் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதற்காக இதைச் சொல்லவில்லை.

உம்மாவுக்கு இலகுவாக இருக்கவில்லை. "விட்டா, நமக்கு நடந்தது சரியென்டு ஆயிடும்" என்றா. நியாயமான கேள்வி. நுரைச்சோலை வீடுகள் போன்றவை பொது உரிமை. அதை ஊராகச் சேர்ந்து, சட்டத்தரணிகளை வைத்துக் கேட்கத்தான் வேண்டும். கூடப் பிறந்தவளோடு இருக்கும் கணக்கு அப்படியல்ல. பட்டியலை சாச்சி எழுதவில்லை. படிவம் கேட்ட இடத்தில் சாச்சா தன் பெயரைப் போட்டார். வாப்பா போயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில், மின்சாரம் உற்பத்தி செய்யும் 2,600 தொன் கப்பலொன்றை அதே அலை ஊருக்குள் கொண்டுபோய்ப் போட்டது. அதை நினைவுச் சின்னமாக அங்கேயே விட்டுவைத்தார்கள். அதைச் சுற்றி வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அலை தள்ளிய எல்லாவற்றையும் அப்படி வைத்திருந்தால் குடியிருக்க இடமிருந்திருக்காது.

உம்மா பைலை எரிக்கவில்லை, கிழிக்கவுமில்லை. அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை வாப்பாவிடம் கொடுத்து "கண்ணுல படாத இடத்துல வைங்க" என்றா.

இந்த வருடம் சாச்சியின் பேரன் ராத்தாவின் முன்பள்ளியில் சேர்ந்திருக்கிறான். காலையில் சாச்சிதான் கூட்டி வருவா. முதல் கிழமை கேற்றுக்கு வெளியே விட்டுவிட்டுத் திரும்பிவிட்டா. இப்போது உள்ளே வந்து, பிள்ளை அழுகையை நிறுத்தும்வரை திண்ணையில் இருக்கிறா. உம்மா தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கிறா. இன்னும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சீனி எவ்வளவு என்று மட்டும் உம்மா கேட்பதில்லை. அது அவவுக்குத் தெரியும்.