கீழ்த்தட்டு

ஹாங்காங் போய் வந்தவர்கள் முதலில் சொல்வது கூட்டத்தைப் பற்றித்தான். திரும்பி வந்து ஆபீஸில் நானும் அதைத்தான் சொன்னேன். மோங் காக் பக்கம் சாயங்காலம் நடந்தால் எள் போட்டால் எள் விழாது, ஆனாலும் யாரும் யாரையும் இடிப்பதில்லை. மெட்ரோவில் கதவு திறந்ததும் இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு இரண்டு பக்கமும் வரிசை ஒதுங்கி நிற்கிறது. சுமார் 75 லட்சம் பேர் இருக்கிற ஊர். கட்டடங்கள் நிற்பதோ மொத்த நிலத்தில் ஏறக்குறைய கால்வாசியில்தான். மிச்சமெல்லாம் மலையும் காடும். அதனால்தான் எல்லாம் மேலே மேலே போகிறது. இவ்வளவும் சொன்னேன், செல்போனில் படங்களும் காட்டினேன். கேட்டவர்களுக்குத் திருப்தி.

சொல்லாமல் விட்டது ஒரு கட்டிலைப் பற்றி.

தங்கை கல்யாணமாகி அங்கே போய் எட்டு வருஷம் ஆகிறது. போன நவம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எட்டு நாள் போனேன். அம்மாவுக்கு அது முதல் விமானம். அப்பா மெட்ராஸ் ஹார்பரில் முப்பத்திரண்டு வருஷம் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். கொடியைப் பார்த்தே எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்லிவிடுவார். ஹாங்காங் அவருக்குப் பெட்டிகளின் மேல் அச்சடித்த ஒரு பெயர் மட்டும். அவர் இருந்திருந்தால் என்னென்ன கேட்டிருப்பார் என்று விமானத்தில் அம்மா இரண்டு தடவை சொன்னாள்.

தங்கை வீடு ஹுங் ஹாமில், வாம்போவா என்கிற குடியிருப்பில். ஒரு காலத்தில் அங்கே பெரிய கப்பல் பட்டறை இருந்தது. டிரை டாக் இருந்த இடத்தில் இப்போது கான்கிரீட்டில் கப்பல் வடிவத்தில் ஒரு ஷாப்பிங் மால். சுற்றிலும் அடுக்குமாடிகள், நடுவில் நகராத கப்பல். அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உங்கப்பா பாத்திருந்தா நங்கூரம் எங்கன்னு கேட்டிருப்பாரு" என்றாள்.

பன்னிரண்டாவது மாடி. ஐந்நூறு சதுர அடிக்குக் கொஞ்சம் அதிகம். தங்கை, மாப்பிள்ளை, ஆறு வயசுக் குழந்தை, அப்புறம் வீட்டு வேலைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு பெண். நாற்பது வயசு இருக்கலாம். குழந்தை ஆன்ட்டி என்று கூப்பிடுகிறது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். படுக்கையறை இரண்டு. குழந்தையின் அறையில் ரயில் பெர்த் மாதிரி அடுக்குக் கட்டில். மேல்தட்டில் குழந்தை. கீழ்த்தட்டை அம்மாவுக்குக் கொடுத்தாள் தங்கை. எனக்கு ஹாலில் சோபா. வந்த களைப்பில் வேறு எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் டிசிம் ஷா சுய் கடற்கரைக்குப் போனோம். எதிரே ஹாங்காங் தீவு, நடுவே துறைமுகம். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

"ஏண்டா, இதுவா ஹார்பரு? ஹார்பர்னா சுவர் இருக்கணுமே."

அவள் சொன்னது சரிதான். ராஜாஜி சாலையில் போகிறவனுக்குத் துறைமுகம் என்பது ஒரு நீளமான மதில். கணவன் தினமும் போய் வந்த இடத்தை அம்மா கிரேன் நுனிகளாகத்தான் பார்த்திருக்கிறாள். இங்கே ஊரே துறைமுகத்தைச் சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஸ்டார் ஃபெர்ரியில் ஏறினோம். 1888ல் பார்சி ஒருவர் தொடங்கிய படகுச் சேவை. மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று இரண்டு. கீழே டிக்கெட் மலிவு. 1966ல் மேல்வகுப்புக்கு ஐந்து காசு ஏற்றப்போவதாகச் சொன்னதற்கு ஓர் இளைஞர் படகுத்துறையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அதைத் தொடர்ந்து ஊரில் கலவரமே வந்தது. இதைச் சொன்னதும் அம்மா, "கீழேயே போலாம்" என்றாள். கீழே இன்ஜின் சத்தமும் எண்ணெய் வாசனையும் தண்ணீருக்குப் பக்கத்தில். நீல உடுப்பு மாலுமி நீளக் கொக்கியால் கயிற்றை இழுத்துக் கரையில் மாட்டியதை அம்மா உன்னிப்பாகப் பார்த்தாள். "இந்த வேலை எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கு அந்தப் படகில் ஒரு கடிதம் ஞாபகம் வந்தது. 1893ல் அமெரிக்கா போகும் வழியில் விவேகானந்தர் ஹாங்காங்கில் மூன்று நாள் தங்கினார். ஜூலை 10ந் தேதி யோகோஹாமாவிலிருந்து சென்னை நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பற்றிச் சொல்கிறார். அவர் கண்ணில் பட்டது படகுப் பெண்கள். குடும்பமே படகில் வாழ்கிறது, பெண் கையாலும் காலாலும் சுக்கான் பிடிக்கிறாள், முதுகில் குழந்தையைக் கட்டியிருக்கிறாள், அதோடேயே சுமை தள்ளுகிறாள், படகுக்குப் படகு தாவுகிறாள் என்று எழுதுகிறார். அந்தப் படகுக் குடும்பங்கள் பின்னால் கரையேறி அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. நான் பார்த்த தண்ணீரில் சரக்குப் படகுகளும் சுற்றுலாப் படகுகளும்தான். அந்தப் பெண்கள் இப்போது இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக் கதவைத் தள்ளினேன். கதவு பாதியில் எதன் மேலோ முட்டியது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் தரையில் ஆன்ட்டி. தலை கதவுப் பக்கம், கால் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில். நிமிர்ந்து உட்கார்ந்து, "சாரி சார், சாரி. வாட்டர் சார்?" என்றார். அவர்தான் மன்னிப்புக் கேட்டார். நான் வேண்டாம் என்று கையாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்காமலேயே வந்து படுத்தேன்.

அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டு யாருடையது என்று அப்போதுதான் உறைத்தது.

காலையில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். காலையில் ஆன்ட்டி சிரித்த முகமாகக் காபி கொடுத்தார். தங்கை அவசரமாக வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் வீடு, அவள் ஏற்பாடு, நான் எட்டு நாள் விருந்தாளி. ராத்திரிக்குச் சொல்லலாம் என்று விட்டேன். வெள்ளிக்கிழமை டிராமில் ஏறி மலையுச்சிக்குப் போனோம். சனிக்கிழமை லந்தாவ் தீவில் பெரிய புத்தரைப் பார்த்தோம். ராத்திரி எட்டு மணிக்குக் கட்டடங்களில் விளக்குகள் ஆடுவதைப் படம் பிடித்தேன். சொல்லவில்லை. ராத்திரி தாகம் எடுத்தாலும் எழுந்திருக்காமல் இருக்க சோபா பக்கத்தில் ஒரு பாட்டில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டிக்கு லீவு. ஏழு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். காலையில் அவர் கிளம்பும்போது அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"நானும் போறேன். பொண்ணு கூப்ட்டுச்சு."

எந்த பாஷையில் கூப்பிட்டது என்று கேட்க எங்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் லிஃப்டில் இறங்கிப் போய்விட்டார்கள். தங்கைக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாலு மணிக்கு நான் போய்க் கூட்டி வருவதாகச் சொன்னேன்.

படகில் மறுபடி சென்ட்ரல். வாரநாளில் கோட்டுப் போட்டவர்கள் நடக்கிற சாட்டர் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை கார்கள் கிடையாது. ரோடு முழுக்கப் பெண்கள். பாலத்தின் மேல், படிக்கட்டுகளில், ஹெச்எஸ்பிசி வங்கிக் கட்டடத்துக்கு அடியில் திறந்து கிடக்கிற பெரிய தளத்தில், எங்கே பார்த்தாலும் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வட்டம் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலான நாடுகளிலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவர்கள் ஹாங்காங்கில் மூன்று லட்சத்துக்கும் மேல். வாரம் ஆறு நாள் அடுத்தவர் வீட்டுக்குள் இருப்பவர்கள் ஏழாவது நாள் ஒரே சமயத்தில் வெளியே வருகிறார்கள். சீட்டாட்டம், நகப்பூச்சு, முடிவெட்டு, ஊருக்கு அனுப்ப சாமான் கட்டும் பெட்டிகள். பாதிப் பேர் செல்போனில் யாரோ ஒரு குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். 1893ல் முதுகில் இருந்த குழந்தை இப்போது கடல் தாண்டி இருக்கிறது. படகில் நினைத்தது தப்பு, அந்தப் பெண்கள் இங்கேதான் இருந்தார்கள்.

ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் செருப்புகள் வரிசையாக இருந்தன. அம்மாவின் செருப்பை வைத்துத்தான் அம்மாவைக் கண்டுபிடித்தேன். ஏழெட்டுப் பெண்களுக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"செருப்ப வெளியே விட்டுட்டு வா, இது வீடு" என்றாள்.

ஒரு டப்பாவை நீட்டினார்கள். நூடுல்ஸ், பக்கத்தில் சோறு, பொரித்த கருவாடு. தங்கை வீட்டில் நாற்றம் வரும் என்று சூட்கேசிலிருந்து வெளியே எடுக்கவே விடாத கருவாட்டின் சொந்தக்காரன்! அம்மா முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "நம்ம நெத்திலிய விட உப்பு கம்மி" என்று தீர்ப்பும் சொன்னாள். ஆன்ட்டி தன் போனில் அம்மாவுக்கு ஒரு படம் காட்டினார். பதினைந்து வயசுப் பையன், ஸ்கூல் யூனிஃபார்மில். அவர் கிளம்பி வரும்போது அவனுக்கு நாலு வயசாம்.

திரும்பும்போது படகில், கீழ்த்தட்டில், அம்மா கேட்டாள்: "அவ எங்க படுக்கறான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்னிக்குத் தெரியும்?"

"வியாழக்கிழமை."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்று மத்தியானம்தான் தெரிந்திருந்தது.

வீட்டில் ராத்திரி பேச்சு வந்தது. வேலைக்கு வருகிறவர் வேலை கொடுப்பவர் வீட்டிலேயேதான் தங்க வேண்டும் என்று 2003லிருந்து அங்கே விதி. ஓரளவு மறைவான, ஒழுங்கான படுக்கையிடம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நடைவழியில் படுக்க வைப்பது தகாது என்று உதாரணமும் இருக்கிறது. வீடு எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும் என்று மட்டும் இல்லை. தங்கை இதெல்லாம் அறியாதவள் இல்லை.

"அவங்களேதான் சொன்னாங்க, கிச்சன்ல படுத்துக்கறேன்னு. எட்டு நாள்தானேன்னு நெனச்சேன்."

"அவ வேற என்ன சொல்லுவா?" என்றாள் அம்மா.

"அண்ணா, நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. எங்க சம்பளத்துல பாதி வாடகைக்குப் போவுது. ஹோட்டல் போட்டா அம்மாவ ஹோட்டல்ல வெச்சான்னு பேசுவீங்க. நான் என்ன கொடுமக்காரியா?" குரல் உடைந்துவிட்டது. "எனக்குத் தெரியாதா? தெனம் ராத்திரி கிச்சன் லைட்ட அணைக்கறது நான்தானே."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அம்மா மெதுவாகத்தான் சொன்னாள்.

"தண்டையார்பேட்டை வீட்ல ஒரே ரூம்ல எட்டு பேரு படுத்தோம். விருந்தாளி வந்தா உங்கப்பா மாடிப்படில போய்ப் படுப்பாரு. நீயும் பாத்திருக்க. ஆனா அது அவரு வீடு. அவரா எழுந்து போனாரு. இந்தப் பொண்ணுக்கு இது வேலை செய்யற எடம். உள்ளதுல அவளுதுன்னு இருந்தது அந்தப் பலகை ஒண்ணு. அதுல நாலு நாளா நான் படுத்திருக்கேன், கேக்காம. உன்ன மட்டும் சொல்லலடி."

மறுநாள் நான் ரூம் தேடிக்கொண்டு போனேன். நாதன் ரோட்டில் சுங்கிங் மேன்ஷன்ஸ். 1961ல் கட்டிய பதினேழு மாடிக் கட்டடம். கீழே பணம் மாற்றும் கடைகளும் சமோசாவும், மேலே வரிசையாகச் சின்னச் சின்ன விடுதிகள். கையை நீட்டினால் இரண்டு சுவரும் தொடுகிற அறை. லிஃப்ட் வரிசையில் பின்னாலிருந்து, "மச்சான், மொத்தம் எத்தன கிலோ வருது?" என்று தமிழ் கேட்டது. சூட்கேசோடு இரண்டு பையன்கள். இதைத் தியாகமாகச் சொல்லவில்லை. ராத்திரி உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டதும் ஒன்று புரிந்தது. அந்த அறையில் நடக்க இடமில்லை, ஆனால் அதன் தாழ் என் கையில் இருந்தது. கூட்டமான ஊரில் அதுதான் விஷயம். அம்மா சோபாவுக்கு வந்தாள். ஆன்ட்டி கீழ்த்தட்டுக்குத் திரும்பினார். முதலில் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லையாம். அம்மா சோபாவில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றதும்தான் போனாராம்.

கிளம்புகிற அன்று ஆன்ட்டி அம்மா கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். கருவாடு. ஏர்போர்ட்டில் திறக்கச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குத்தான் பயம். யாரும் சொல்லவில்லை.

போன மாதம் தங்கை வீடியோவில் ஒரு மடக்குக் கட்டிலைக் காட்டினாள். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தாள். "அடுத்த தடவ வந்தா யாரும் லாட்ஜுக்குப் போக வேணாம்" என்றாள். இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆபீஸில் நான் காட்டிய படங்கள் மலையுச்சி, புத்தர், ராத்திரி விளக்குகள். பின்னால் தேதியைப் பார்த்தேன். எல்லாம் வெள்ளி, சனி, அந்த இரண்டு நாளில் எடுத்தவை. படங்கள் நன்றாகத்தான் வந்திருக்கின்றன.