கல் அரிப்பதும் பொன் அரிப்பதும்

மதுராந்தகத்தில் வாழ்க்கைப்பட்டு வந்ததும் மாமியார் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் வேலை, அரிசியில் கல் அரிப்பது. தண்ணீரில் லேசாக ஆட்டிச் சரித்தால் அரிசி அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும். கனமான கல் அடியில் தங்கிவிடும்.

ஆற்று மணலிலிருந்து பொன் எடுப்பதும் இதே வித்தைதான்! நீலகிரி மாவட்டம் பந்தலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனபோது கண்ணாலேயே பார்த்தேன். ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு அம்மாள் மரத்தட்டில் மணலை அள்ளிச் சுழற்றிக் கொண்டிருந்தார். பொன், மணலைப்போல் ஏழு மடங்கு கனம். மணல் வழிந்தோட, பொன் தங்கிவிடுகிறது. 1896-ல் பொன் அகப்பட்டதும் கனடாவின் வடகோடியில் க்ளோண்டைக் ஓடைகளுக்கு ஜனங்கள் ஓடினார்களே, அவர்கள் கையிலும் இப்படியொரு தட்டுதான்.

பந்தலூர், தேவாலா பக்கத்துப் பொன்னை நம்பி 1879-லிருந்து 1881-க்குள் லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. செலவுக்குக்கூடப் பொன் கட்டவில்லை. சில வருஷங்களிலேயே மூடிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன குழிகளில் அனுமதியில்லாமல் இறங்கி, மண் சரிந்து மாண்டவர்களும் உண்டு.

"தினம் எவ்வளவு கிடைக்கும்?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

"நொய்யரிசி அளவு கிடைச்சாலே நல்ல நாளும்மா. வெறுங்கையோட போற நாள்தான் ஜாஸ்தி. பொடியா இருக்கிறதை ரசம் போட்டு உருட்டி, வீட்டு அடுப்புல காய்ச்சிடுவோம். பொண்ணு ஏழு மாசம், நிக்க முடியல. அவதான் அடுப்புகிட்ட உக்காந்து பார்த்துக்கிறா."

எனக்குப் பகீரென்றது. ரசம் என்றால் பாதரசம்! அது பொன்னைப் பிடித்து உருண்டையாக்கும். காய்ச்சினால் ஆவியாகப் பறந்துவிடும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை. மூச்சோடு போய் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளையையும் விடாது. துணியால் மூக்கைக் கட்டினாலும் நிற்காது. ஆற்றில் கலந்தால் மீனில் ஏறி, நம் தட்டுக்கே வந்து சேரும். ஜப்பானில் மினமாட்டா ஊர்க்காரர்கள் பட்ட பாடு 1956-லேயே வெளிவந்தது. தொழிற்சாலைக் கழிவில் வந்த பாதரசம் மீன் வழியாகப் போய், பிறந்த குழந்தைகளையும் முடக்கியது. அந்த ஊர்ப் பெயரிலேயே 2013-ல் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன.

"அக்கா, பொண்ணை அந்த அடுப்புப் பக்கமே விடாதீங்க. இந்த வேலை வீட்டுக்குள்ளேயே வேண்டாம்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். பிலிப்பைன்ஸில் பெங்கெட் மலைப்பக்கம் பாதரசமே இல்லாமல், வெண்காரம் சேர்த்துப் பொன்னை உருக்குகிறார்கள். நம் ஆசாரி நகை பற்றவைக்க வைத்திருக்கும் அதே வெண்காரம்தான்!

"மலைக்காரங்க சமாச்சாரம், நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம், சகோதரிகளே. பழைய ஜுரமானி உடைந்தால் உருண்டோடுவதும் இதே பாதரசம்தான். உடனே குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அது இன்னும் சிதறும். கையால் தொடாமல், இரண்டு கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு, ஆஸ்பத்திரியில் விசாரித்து ஒப்படையுங்கள். சாக்கடையில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.

பொன் இன்றில்லாவிட்டால் நாளை வாங்கிக்கொள்ளலாம். கெட்டுப்போன நரம்பை எந்தக் கடையில் வாங்குவது?