உதடே சீவாளி

பாடி முடித்த கையோடு அவள் ட்ரம்பெட்டைத் தூக்கிவிடுவதில்லை. அரை நொடி பொறுக்கிறாள். கடைசிச் சொல்லுக்குத் திறந்த வாய் மூடுகிறது, உதட்டோரம் இறுகுகிறது, பிறகுதான் பித்தளை முகத்தருகே வருகிறது. திரையில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. இப்போதெல்லாம் பாட்டை விட்டுவிட்டு அந்த அரை நொடிக்காகவே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆந்த்ரேயா மோட்டிஸ். பார்சலோனாக்காரி, 1995-இல் பிறந்தவள். ஏழு வயதில் ட்ரம்பெட் பிடித்தாள். சான் ஆந்த்ரேவ் பகுதியில் ஜோவான் சமோரோ பிள்ளைகளைச் சேர்த்து நடத்திய ஜாஸ் குழுவில் வளர்ந்தாள்.

நாகஸ்வரத்தில் அதிர்வது சீவாளி. ட்ரம்பெட்டில் அது கிடையாது, உதடே சீவாளி. ஊத ஊத உதடு தடித்து மரத்துப்போகும். அதே உதட்டை வைத்துக்கொண்டு அடுத்த நிமிடம் 'ப'வும் 'ம'வும் குழையக் குழையப் பாட வேண்டும், அதுவும் காதல் பாட்டை.

2017-இல் இம்பல்ஸ் வெளியிட்ட 'இமோஷனல் டான்ஸ்' அவளுடைய முதல் ஆல்பம் என்கிறார்கள். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் இசைத்தட்டுகள் வந்த நிறுவனம். அங்கே வந்தால்தான் முதல் என்று கணக்கு போலிருக்கிறது. 2010-லேயே சமோரோ அவளை அறிமுகப்படுத்தி ஓர் ஆல்பம் போட்டுவிட்டார். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

'இமோஷனல் டான்ஸ்' ஆல்பத்தில் பழைய அமெரிக்கக் காதல் பாட்டுகள் இருக்கின்றன. பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிமின் பாட்டு போர்ச்சுகீசிய மொழியில் வருகிறது. 'லா கவினா' கத்தலானில். கவினா என்றால் கடற்புறா. கியூபா போய்த் திரும்பிய மாலுமிகளோடு கத்தலான் கரைக்கு வந்த ஹபனேரா வகைப் பாட்டு. எனக்குப் பிடித்தது இதுதான். மற்ற மொழிகளில் சொல்லைப் பார்த்துப் பார்த்து வைக்கிறாள்; இதில் வீட்டுத் திண்ணையில் பேசுகிறாள்.

பியானோவில் இக்னாசி தெராசா. சிறு வயதிலேயே பார்வை போனவர். அவள் ட்ரம்பெட்டைத் தூக்குவதை அவர் பார்க்க வழியில்லை. ஆனாலும் அந்த அரை நொடியில் அவர் கை சற்றுத் தணிகிறது. மூச்சை இழுப்பது காதில் விழுகிறதோ என்னவோ.

ஊதி முடித்ததும் குழலைச் சாய்த்து, அடியிலிருக்கும் சின்னச் சாவியை அழுத்துகிறாள். உள்ளே குளிர்ந்து நீராகிப்போன மூச்சு, இரண்டு சொட்டு, தரையில் விழுகிறது. மைக் பக்கம் திரும்புகிறாள்.