செட் என்னும் சிறு சொல்

ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, தமிழில் எழுதினால் இரண்டே எழுத்து. இந்தச் சின்னஞ்சிறு சொல் என்னைக் கல்லூரியை விட்டே துரத்தப் பார்த்தது என்றால் நண்பர்கள் நம்புவார்களோ, என்னவோ!

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவன் நான். ஆயினும் 'செட்' எனக்குப் புதிய சொல் அன்று. எங்கள் ஊரில் கிணற்றுக்குக் கிணறு பம்பு செட். கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு மைக் செட். பாட்டிக்குப் பல் செட். அதை ஆங்கிலம் என்று ஊரில் எவரும் நினைத்ததே இல்லை.

முதலாண்டில், துணைப்பாடக் கணித வகுப்பில் பேராசிரியர் 'லெட் ஏ பி எ செட்' என்று தொடங்கினார். அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். 'வை' என்று பொருள் போட்டிருந்தது. 'ஏ என்பது ஒரு வை ஆகட்டும்' என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்! பள்ளியில் நான் நன்றாகவே படித்திருந்த 'கணம்'தான் அது என்று விளங்க வெகுநாள் ஆயிற்று. அதற்குள் ஆய்வகத்தில் கருவிகளை 'செட்' செய்யச் சொன்னார்கள். ஆங்கில வகுப்பிலோ சூரியன் 'செட்' ஆகி மறைந்தது. முதல் உள்தேர்வில் கணிதத்தில் எனக்கு 25க்கு 4.

ஆங்கிலேயரையே திணற வைத்த சொல் இது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். 1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இந்த வினைச்சொல்லுக்குத்தான். தனி வினையாக மட்டும் ஏறத்தாழ 430 பொருள்! இப்போது 'ரன்' 645 பொருளோடு முந்தி ஓடிவிட்டது. (ஓடுவதுதானே அதன் தொழில்!) இன்னொரு வேடிக்கை: 'வை' என்னும் செட், 'உட்காரச் செய்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. கூட்டத்தைக் குறிக்கும் செட்டோ இலத்தீன் மொழியில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. பார்க்க இரட்டையர், பிறந்த வீடு வேறு வேறு. என் அகராதி குழப்பியதில் வியப்பென்ன?

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே பொருள்தான்: படிப்பு எனக்குச் 'செட்டாகவில்லை'.

என் தந்தையார் கொத்தனார். கையெழுத்து மட்டும் போடுவார். விடுமுறை நாள்களில் நான் அவருக்குச் சித்தாள். அந்தச் சனிக்கிழமை, ஆறு நாளைக்கு முன் கான்கிரீட் போட்ட தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திக்கொண்டிருந்தோம். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன்: "எனக்குச் செட்டாகலப்பா. வேலைக்கே வந்துடறேன்."

அவர் பதில் பேசவில்லை. குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றினார். அந்த மௌனம் தாங்காமல் நானே வாயைத் திறந்தேன்.

"தளம் செட்டாகணும்னா காயத்தானே விடணும்? எதுக்குப்பா இவ்வளவு தண்ணி?"

"காஞ்சா வெடிச்சிப் பூடும்டா. தண்ணி குடிச்சாத்தான் இறுகும்."

"ஏன்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? திங்கக்கிழமை போயி உன் வாத்தியாரக் கேட்டுக்கினு வா."

போனேன். ஆனால் கேட்கத் துணிவு வரவில்லை. இவ்வாண்டு சிமெண்டு பாடம் நடந்தபோதுதான் விடை தானே வந்தது. சிமெண்டு இறுகுவது உலர்வதால் அன்று. அதிலுள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் நீரோடு வேதிவினை புரிவதால். நீர் வற்றினால் வினையும் நின்றுபோகும். கலந்த உடனே இறுகிவிடாமலிருக்க ஜிப்சம் சேர்க்கிறார்கள். சாதாரண போர்ட்லண்டு சிமெண்டு 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக்கூடாது. 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. இந்த இறுகலுக்கும் ஆங்கிலத்தில் 'செட்டிங்'தான். வகுப்பில் பேராசிரியர் கேட்டபோது முதன்முறையாக எழுந்து நின்றேன். தளத்துக்குத் தண்ணீர் நிறுத்துவதைத் தமிழில்தான் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டார்.

அன்றிரவு தந்தையாரிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"கலவையச் சீக்கிரம் கொட்டி முடிக்கணும்னு முப்பது வருசமா நான் கத்தறனே, அதையா பரீட்சையில கேக்கறாங்க?"

"ஆமாப்பா."

"எத்தினி மார்க்கு?"

"அஞ்சு."

"அவ்வளவுதானா?" என்றார்.