எந்த மொழியில் கேட்பாய்?

ஆப்பிரிக்க வரலாற்றில் முனைவர் பட்டத்துக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கிறாள் என் அக்கா மகள். அவள் நிரப்பிக்கொண்டிருந்த படிவங்களில் ஒரு சின்னக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஆய்வுக்கு வேண்டிய மொழிகளில் எவை தெரியும், எந்த அளவுக்கு?

அவளுக்குக் கென்யா மேல் நாட்டம். அங்கே ஓர் ஊரைப் பற்றி ஆங்கிலேய ஆட்சிக்கால அதிகாரியின் கோப்பு ஒன்று சொல்லும்; அதே ஊர்ப் பாட்டி கிக்குயு மொழியில் வேறொன்று சொல்வாள். கோப்பை மட்டும் படிப்பவர், ஒரு கட்சியின் வாதத்தைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதும் நீதிபதி.

படிவத்தின் அந்தக் கேள்வி என்னை வரலாற்றாசிரியர் யான் வான்சினாவிடம் கொண்டுபோய் விட்டது. 1929இல் பெல்ஜியத்தில் பிறந்து, லூவன் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய இடைக்கால வரலாறு படித்தவர். 1952இல் ஆய்வுப் பணி கிடைத்துக் காங்கோ போய், குபா மக்களிடையே தங்கினார். அவர்களிடம் பழைய ஏடுகள் இல்லை. அரசர் வரிசை இருந்தது, குலங்கள் இடம்பெயர்ந்து வந்த கதைகள் இருந்தன, சொல் மாறாமல் காத்துவந்த பாடல்கள் இருந்தன. எழுத்தில்லாதவர்களுக்கு வரலாறும் இல்லை என்று ஐரோப்பியப் பேராசிரியர்கள் பலர் நம்பிய காலம் அது. வான்சினாவுக்கோ வேறொன்று பட்டது. லூவனில் தான் படித்த இடைக்கால ஏடுகள் பலவும் யாரோ சொல்ல, யாரோ கேட்டு எழுதியவைதானே? ஏட்டிடம் கேட்கும் கேள்விகளை வாய்மொழியிடமும் கேட்கலாமே? இதை உனக்குச் சொன்னது யார்? அவருக்குச் சொன்னது யார்? இப்படிச் சொல்வதால் எந்தக் குலத்துக்கு ஆதாயம்? பக்கத்து ஊரில் இதையே எப்படிச் சொல்கிறார்கள்? 1961இல் இந்த முறையை நூலாக்கினார். அதற்கு முந்தைய ஆண்டே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வரலாற்றாசிரியர் பிலிப் கர்ட்டினோடு ஆப்பிரிக்க வரலாற்றுப் படிப்பை அங்கே வளர்க்கத் தொடங்கியிருந்தார்.

அடுத்து நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். அதே விஸ்கான்சினில் ஆய்வு செய்த டேவிட் ஹெனிகே 1974இல் எழுதிய நூலில், வாய்மொழி அரசர் பட்டியல்களைக் கொண்டு ஆண்டுக் கணக்குப் போடுவதைக் கடுமையாகச் சோதித்தார். அச்சில் வந்த புத்தகத்தை ஊரில் ஒருவர் படிப்பார். அது பேச்சில் கலக்கும். பின்னால் வரும் ஆய்வாளரிடம் பழைய மரபு என்ற பெயரில் வந்து சேரும். இதை அவர் எடுத்துக்காட்டினார். வான்சினாவும் 1985இல் தன் நூலைப் புதிதாக எழுதினார். தன் அடித்தளத்தையே இப்படித் தட்டிப் பார்க்கிற துறை மேல் எனக்குப் பெரிய மரியாதை. முனைவர் பட்டத்துக்குச் சேருகிற இடத்தின் தரவரிசையைப் பார்க்கிறவர்கள், அங்கே ஆசிரியரை மாணவர் மறுக்க முடியுமா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதும் லேசான கேள்வி இல்லை. 1963இல் கென்யா விடுதலை அடைவதற்கு முன் ஏராளமான கோப்புகளைப் பிரிட்டன் தன் நாட்டுக்கு எடுத்துச் சென்றது. அவை ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் கிடந்தது 2011இல்தான் வெளியே தெரிந்தது. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் போராட்டக் காலத்தில் சித்திரவதைப்பட்ட முதியவர்கள் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்ததால் தெரிந்தது. அப்படிப் போன தன் தாத்தா காலத்துக் கோப்பைத் தேடும் நைரோபி மாணவர் பல சமயம் விசாவுக்காகக் காத்திருந்து, பவுண்டில் செலவழித்து பிரிட்டன் போக வேண்டியிருக்கிறது. இது அநியாயம்.

கோப்புகளை ஊரிலேயே காத்தவரும் உண்டு. நைஜீரியாவின் கென்னத் ஒன்வுகா டிக்கே 1950இல் லண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். நைஜர் கழிமுகத்து வணிகத்தைப் பற்றிய அந்த ஆய்வுக்கு ஆவணங்களோடு வாய்மொழிச் சான்றுகளையும் பயன்படுத்தினார். ஊர் திரும்பியதும், சிதறிக் கிடந்த அரசுப் பதிவுகளைத் தேடித் திரட்டினார். 1954இல் அமைந்த நைஜீரிய ஆவண அலுவலகத்துக்கு அவர்தான் பொறுப்பு. அவருக்குப் பின் வந்தவர்கள் நைஜீரியாவின் இபாதான் நகரில் உட்கார்ந்தே தங்கள் வரலாற்றைப் படிக்க முடிந்தது. பட்டத்தால் ஆகக்கூடிய நல்ல காரியம் இதைவிட வேறு என்ன இருக்கிறது?

இத்துறைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நோக்க அறிக்கையில் ஆப்பிரிக்கா மீதான அன்பைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுத வேண்டாம். எந்த ஊர், எந்தக் காலம், எந்தக் காப்பகம், யாரிடம், எந்த மொழியில் கேட்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலான அமெரிக்கத் துறைகளுக்கு டிசம்பரில் கெடு முடிகிறது. மொழி வகுப்பில் அதற்கு முன்பே சேர்ந்துவிடுங்கள்.