தூள் வாசம்

பெட்டியின் கொக்கிகளைத் தட்டித் திறந்ததும் முதலில் எழுந்து வந்தது பீடித் தூள் வாசம்தான், விலை பார்க்க நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த தம்பி இரண்டு தும்மல் போட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டான், எனக்கோ அந்த வாசத்தோடு எங்கள் பழைய வீடே திரும்பி வந்தது, சன்னல் வழியே சாய்ந்து விழும் நாலு மணி வெயில், அதில் மிதக்கும் பழுப்புத் தூசி, சுளகை மடியில் வைத்துச் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பெண்கள், அவர்கள் பேச்சுக்கு நடுவே இலை வெட்டும் கத்தரியின் சரக் சரக். கால் நூற்றாண்டுக்கு மேல் உம்மாவின் கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டி அது, உள்ளே ஒட்டியிருந்த ஆரஞ்சு நிற மெத்துத் துணி அத்தனை வருஷத்துத் தூளையும் குடித்து வைத்திருந்தது, அதன் நடுவில் மாமாவின் பேஸ் கிட்டார், நாலு கம்பியும் கறுத்து, வலது முழங்கை உரசிய இடத்தில் சாயம் போய் மரம் தெரிய, அவர் வைத்த மாதிரியே படுத்திருந்தது.

மாமா மௌத்தாகி நாலு வருஷம் ஆகிறது. வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம், புது வீட்டில் கட்டிலுக்கடியில் சாமான் வைக்கும் வழக்கமெல்லாம் கிடையாது, வாசிக்கவும் ஆளில்லை, அதனால் விற்றுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். உம்மா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை, கண் மங்கிப்போன பிறகும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணக்கில் தினம் இருநூறு முந்நூறு சுற்றிக் கொடுப்பவள், அன்றும் வாசல் வெளிச்சத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, விரல் நுனியால் இலையைத் தடவிப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

தம்பி பையிலிருந்து ஒரு சின்னத் தராசை எடுத்துக் கிட்டாரைத் தொங்கவிட்டு எடை பார்த்தான், டார்ச்சை அடித்துக் கழுத்திலிருந்த மெட்டுகளை எண்ணினான், பிறகு உடம்பின் பின்பக்கத் தகட்டிலிருந்த நாலு திருகாணிகளையும் கழற்றிக் கழுத்தைத் தனியே எடுத்து, அதன் அடிப்பாகத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணைச் சுருக்கினான். அப்படிப் பிடித்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது, உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றுதான் கூப்பிடுவோம், மேலப்பாளையம் சந்தையில் தரகு பார்த்தவர்.

செவ்வாய்க்கிழமை சுபுஹு தொழுகை முடிந்து அவர் கிளம்பும்போது நானும் கூடவே ஓடுவேன், இருட்டு விலகாத நேரத்தில் சாணமும் ஈர வைக்கோலும் சுக்குக் காப்பியும் சேர்ந்து அடிக்கும் அந்த வாசம் ஊருக்குள் வெகுதூரம் வரை வரும், அப்பா ஒரு மாட்டிடம் போனால் முதலில் அதன் திமிலைத் தடவுவார், பிறகு கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார், ரெண்டு பல்லா, நாலா, ஆறா, எட்டும் முளைத்துவிட்டால் அதற்கு மேல் எண்ணிக்கை உதவாது, தேய்மானத்தை வைத்துத்தான் வயது சொல்ல வேண்டும். விலை பேசுவது தோளில் கிடக்கும் துண்டுக்குள், வாங்குபவர் கையும் விற்பவர் கையும் அதற்குள் போய்விடும், விரல்களைப் பிடித்தும் விட்டும் தொகை போகும் வரும், சுற்றி நிற்கும் ஐம்பது பேருக்கும் ஒன்றும் தெரியாது, முகத்திலும் எதுவும் இருக்காது. ஆனால் துண்டை எடுப்பதற்கு முன்னால் அப்பா ஒன்று சொல்வார், மாடு எவ்வளவு பேர்போன மாடாக இருந்தாலும் சொல்வார், "கொஞ்சம் நடத்திக் காட்டு."

கழுத்தின் அடியில் மங்கலாக ஒரு முத்திரை இருந்தது, மாதமும் 72 என்ற ஆண்டும். தம்பி முகம் மலர்ந்தது, தகட்டில் பெரிய 'எஃப்' எழுத்தும் ஆறு இலக்க எண்ணும் இருப்பதால் 1976க்கு முந்தியது என்று ஏற்கெனவே யூகித்திருந்தானாம். ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் இது, லியோ ஃபெண்டர் என்ற ரேடியோ மெக்கானிக் 1951இல் கலிஃபோர்னியாவில் செய்யத் தொடங்கிய வகை, அதுவரை ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸில் காதை வைத்து இடம் தேடியவர்களுக்குக் கழுத்தில் மெட்டுகளைப் பதித்து, விரலை வைத்தால் சுரம் தப்பாது என்ற உறுதியைக் கொடுத்ததால்தான் 'துல்லியம்' என்று பெயர். 1965 ஜனவரியில் லியோ கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்றார், அதற்கு முன் செய்தவற்றுக்குத்தான் மதிப்பு என்று ரொம்பக் காலம் ஒரு பேச்சு இருந்தது, இப்போது எழுபதுகளின் தொடக்கத்தில் செய்ததும் ஐம்பது வயதைத் தாண்டிவிட்டதால் அதையும் தேடி வருகிறார்கள். விரல் பலகையைத் துடைத்து, "இந்தியன் ரோஸ்வுட்" என்றான். நம் மேற்கு மலைகளில் வளரும் ஈட்டி மரம்தான், இங்கே அதைப் பாதுகாக்க 1994இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது, கப்பலேறி அமெரிக்கா போய், கிட்டாராகி, சிங்கப்பூருக்கு வந்து, மறுபடி கப்பலேறி இந்தத் தெருவுக்கு வந்திருக்கிறது அந்த மரம்.

மாமா சிங்கப்பூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரரிடம், ஓட்டலில் வாசித்தவரிடம், ஒன்றரை வருஷச் சேமிப்பைக் கொடுத்து இதை வாங்கினார், 1983இல் 'சிதம்பரம்' கப்பலில் மதராஸ் வந்து இறங்கியபோது இரண்டு கைலி, ஒரு பாட்டில் கோடாலித் தைலம், இந்தப் பெட்டி, அவ்வளவுதான் கொண்டுவந்தார் என்று உம்மா இன்றைக்கும் சொல்வாள். அப்பாவுக்கு வீட்டில் வாத்தியம் ஆகாது, மாமாவும் எதிர்த்துப் பேசியதில்லை, இஷா முடிந்து அப்பா படுத்த பிறகு ஆம்ப் இல்லாமல் வெறும் கம்பியை மட்டும் மீட்டுவார், அப்போது அதில் சத்தம் என்று ஒன்றும் வராது, கொசு பறக்கிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கிட்டாரின் கொம்பு மாதிரி நீண்ட முனையில் பல்லைப் பதித்துக்கொள்வேன், உடனே மண்டைக்குள் அத்தனையும் கேட்கும், பல் வழியாக, தாடை வழியாக, கிணற்றுக்குள் யாரோ பாடுவது போல. ஊரே உறங்கும் அந்த நேரத்தில் மாமா வாசித்ததைக் கேட்டவன் நான் ஒருவன் மட்டும்தான்.

தம்பி முன்பக்கத் தட்டைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினான். டோன் கண்ட்ரோலின் முதுகில் 137 என்று தொடங்கி ஓர் எண் பொறித்திருந்தது, 137 என்பது அதைச் செய்த கம்பெனியின் அடையாளம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டும் வாரம், ஆக இது 72ஆம் ஆண்டுச் சாமான், எல்லாம் பொருந்துகிறது. ஆனால் வால்யூம் கண்ட்ரோல் அது இல்லை, ஏதோ ரேடியோவில் கழற்றியது, ஈயம் வைத்த இடத்தையும் தொட்டிருக்கிறார்கள், பழசு வாங்குபவர்கள் ஒரிஜினல் ஈயத்தைக்கூடப் பார்ப்பார்கள் பாய், இதற்குக் கொஞ்சம் குறையும், என்றான்.

யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். 1988 என்று நினைக்கிறேன், சைக்கிளின் பின்னால் பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு நான், மிதிப்பது மாமா, கொக்கிரகுளம் தாண்டிச் சுலோசன முதலியார் பாலத்தின் மேல் போகும்போது எதிர்க்காற்று பெட்டியைத் தள்ளியது, கீழே தாமிரபரணி மணல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது, 1843இல் திறந்த அந்தப் பாலத்தில் மாட்டுவண்டி, பஸ், நாங்கள் எல்லோரும் ஒரே வேகத்தில்தான் போக முடியும். ஜங்ஷனில் ஒரு சந்துக்குள் ரேடியோ ரிப்பேர் கடை, உருகும் ஈயமும் அதற்குத் தொடும் பசையும் கலந்த புகை, அதற்குள் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், பேசவே மாட்டார், எந்த ரேடியோவையும் முதலில் தட்டிப் பார்த்து, காதை அதன் மேல் சாய்த்துக் கேட்ட பிறகுதான் திருகாணியைத் தொடுவார். கிட்டாரை அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை. கரகரத்துக்கொண்டிருந்த பழைய கண்ட்ரோலின் முதுகைப் பார்த்து, "இது 250, எங்கிட்ட 500தான் இருக்கு, வால்வு செட்டுல கெடந்தது, வைக்கட்டா?" என்று கேட்டு, வைத்து, மாமாவை வாசிக்கச் சொன்னார். குரல் கொஞ்சம் திறந்துகொண்டது, தொண்டை செருமிவிட்டுப் பேசுகிறவன் மாதிரி. மாமா ரொம்ப நேரம் ஒரே கம்பியை மீட்டிக்கொண்டிருந்தார், பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார், கூலி வாங்கவில்லை, மூன்று பேரும் டீ குடித்தோம்.

அந்தக் குரல்தான் அதற்கப்புறம் எல்லா மேடையிலும் கேட்டது, மீலாது விழாவில் நாகூர் ஹனிபா பாணிப் பாட்டுகளுக்கும், பாளையங்கோட்டை ஊசிக் கோபுரத்துப் பக்கம் கல்யாண வரவேற்புகளுக்கும், கோயில் கொடைகளில் விடிய விடிய ஓடும் மெல்லிசைக்கும். சினிமாப் பாட்டில் பேஸ் தனியாக எழுந்து நடக்க ஆரம்பித்திருந்த காலம் அது, இளையராஜா அதற்கென்றே தனி வழி எழுதினார், சசிதரன் வாசித்தார், 'மூடுபனி' வந்த 1980க்குப் பிறகு கிட்டார் கற்றுக்கொள்ளாத குழுவே இல்லை என்று மாமா சொல்வார், ஒரு கேசட்டை நூறு தடவை சுழற்றி அந்த அடிச்சுரத்தை மட்டும் பிரித்தெடுத்து விரலுக்குக் கொண்டுவருவார். புதுக் கம்பி இங்கே கிடைக்காது, சிங்கப்பூரிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும், அதனால் பழைய கம்பியைக் கழற்றிச் சோற்றுப் பானையில் போட்டுக் கொதிக்க வைப்பார், அழுக்கு விட்டுக் கம்பி மறுபடி பேசும், உம்மா அந்தப் பானையைப் புளி போட்டு மூன்று தடவை தேய்ப்பாள்.

ஆனால் ஒன்று, அந்தக் கச்சேரிகளுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாமாவின் வாசிப்பைக் கேட்டதே இல்லை. அப்போதெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் கட்டுவது கூம்பு ஒலிபெருக்கி, அதில் பாட்டு நாலு தெரு தாண்டிக் கேட்கும், அடிச்சுரம் மட்டும் வராது, அந்தக் கூம்பால் அதைத் தர முடியாது. மேடையில் இருப்பவர்களுக்கும், மேடைப் பலகைக்கு அடியில் புகுந்து உட்காரும் என்னைப் போன்ற பையன்களுக்கும்தான் அது கிடைக்கும், மாமாவின் ஆம்ப் எங்கள் தலைக்கு மேல் இருக்கும், பலகை அதிர்ந்து தூசி கொட்டும், நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும். தொண்ணூறுகளின் நடுவில் கீபோர்டுக்காரர்களே இடது கையால் பேஸையும் பார்த்துக்கொண்டார்கள், ஒரு ஆள் சம்பளம் மிச்சம், மாமாவைக் கூப்பிடுவது குறைந்தது, அவர் கிட்டாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். இப்போது அதே மேடைகளில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் நிற்கிறது, எத்தனை அடிச்சுரத்தையும் அது தரும், வாசிக்கத்தான் ஆள் இல்லை, பாட்டில்லாத இசையைப் பென்டிரைவில் கொண்டுவந்து ஓட்டிவிட்டு மேலே பாடுகிறார்கள்.

தம்பி கைப்பேசியில் ஒரு தொகையைத் தட்டி என் பக்கம் திருப்பிக் காட்டினான். நியாயமான தொகைதான், நான் நினைத்ததைவிட அதிகம். ஆனால் முத்திரை, எண், ஈயம், திருகாணி, எல்லாம் பார்த்தானே தவிர இதுவரை அவன் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது, அப்பா சொல்வதைத்தான் நானும் சொன்னேன், தம்பி, கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள். அவன் கழுத்தைத் திரும்ப மாட்டி, காரிலிருந்து முழங்கால் உயர ஆம்ப் ஒன்றைத் தூக்கிவந்து தரையில் வைத்து, வயரைச் செருகி, ரேடியோக்கடைப் பெரியவர் வைத்த அந்தக் குமிழை மெல்லத் திருகினான், நல்ல கை அவனுக்கு, தடித்த கம்பியை ஒரு தடவை மீட்டி அப்படியே நிறுத்தினான்.

உம்மாவின் விரல் நின்றுவிட்டது. நான் அவளை யோசிக்கவே இல்லை. பெண்கள் மேடைப் பக்கம் போகிற வழக்கம் இல்லை, மொட்டை மாடியில் நின்று கூம்பில் வருவதைக் கேட்டவள் அவள், வீட்டில் கேட்டதோ கொசு முனகல். தன் தம்பியான மாமாவைப் பிறந்தது முதல் மௌத்தாகும் வரை பார்த்தவள், அவர் வாசித்தது எப்படி இருக்கும் என்று எழுபத்தெட்டு வயதில் முதல் தடவையாகக் கேட்டாள்.

"இதையா அவன் வாசிச்சான்?" என்றாள்.

தரை வழியாக வந்த அதிர்வில் அவள் சுளகுக்குள் ஏதோ கிணுகிணுத்தது, தம்பி திரும்பிப் பார்த்துவிட்டு வாசிப்பதை நிறுத்தினான். நனைத்துக் கட்டிய இலைக்கு மேல் பாரமாக, வளைந்து பளபளக்கும் ஓர் உலோக மூடி. கம்பிகள் முடியும் இடத்தை மறைக்கக் கம்பெனி போடும் மூடி அது, உள்ளே ஒரு ரப்பர் பஞ்சும் இருக்கும், வாசிப்பவர்கள் கையை இடிக்கிறதென்று கழற்றி எறிந்துவிடுவார்கள், அதனாலேயே கிடைப்பது அபூர்வம், இது எப்படி இங்கே, என்று அவன் குனிந்தான். மாமா சிங்கப்பூரிலிருந்து வந்த முதல் வாரமே அதைக் கழற்றி, இலை பறக்காமல் இருக்க வச்சுக்கோ என்று உம்மாவிடம் கொடுத்தது, நாற்பது வருஷமாக அவள் கையில்தான் தேய்ந்துகொண்டிருக்கிறது. அதையும் சேர்த்துக் கொடுத்தால் இவ்வளவு தருகிறேன் என்று அவன் மறுபடி கைப்பேசியில் தட்டிக் காட்டினான்.

உம்மா திரையைப் பார்க்கவில்லை. மூடியை எடுத்து முந்தானையால் துடைத்துப் பழையபடி இலைமேல் வைத்தாள். "அது எனக்குத் தந்தது, வாப்பா. நீ கிட்டாரை எடுத்துட்டுப் போ, சும்மா வச்சிராத, வாசி."

ரேடியோக் கண்ட்ரோலை மாற்ற வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன், சரி என்றான். பெட்டியைக் காரில் ஏற்றியபோது அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். மூடி இல்லாததற்கு அவன் குறைத்துக்கொண்டது எட்டாயிரம் ரூபாய்.